பன்னாட்டுப் பள்ளியில் சீனமொழி: தமிழ் தெரிந்த மாணவருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் பன்னாட்டுப் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே ஒரு படிவம் வரும். இரண்டாம் மொழியாக எதைப் படிக்கப் போகிறீர்கள்? சீனம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனால், எல்லா விளக்கமும் ஆங்கிலத்தில் இருக்கும். சீன ஒலியை ஆங்கில ஒலியோடு ஒப்பிடுவார்கள், சீன வாக்கியத்தை ஆங்கில வாக்கியத்தோடு ஒப்பிடுவார்கள். தமிழ் தெரிந்த மாணவருக்கு இது பல இடங்களில் சுற்றுவழி. ஒலியிலும் வாக்கிய அமைப்பிலும் உறவுப் பெயர்களிலும் தமிழிலிருந்து சீனத்துக்கு நேர்வழியே இருக்கிறது. எங்கே அந்த வழி செல்லும், எங்கே செல்லாது என்று தெரிந்துகொண்டால் முதல் ஆண்டின் பாதிச் சிரமம் குறையும்.

சீன ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறோம். பக்கத்தில் உள்ள எண் தொனியை, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும்.

எந்த வகுப்பில் சேர்வது

இதைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். தவறான பிரிவில் உட்கார்ந்துவிட்டால் அதன்பின் எவ்வளவு உழைத்தாலும் பலன் குறைவு. பெரும்பாலான பள்ளிகளில் சீனத்துக்கு இரண்டு மூன்று அடுக்குகள் உண்டு: வீட்டில் சீனம் பேசுவோருக்கு ஒன்று, சில ஆண்டுகள் படித்தவர்களுக்கு ஒன்று, புதியவர்களுக்கு ஒன்று. இடம் கிடைக்கவில்லை, நேர அட்டவணை ஒத்துவரவில்லை என்று புதியவரை நடு அடுக்கில் போடுவது நடக்கும். 'இரண்டு மாதத்தில் பிடித்துக்கொள்வான்' என்ற ஆறுதலை ஏற்காதீர்கள். மற்றவர்களுக்குப் பழகிப்போன சில நூறு எழுத்துகளை அவன் தனியே படித்துமுடிக்க வேண்டியிருக்கும்.

பத்தாம் வகுப்பு அளவிலான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ தேர்வை எழுதுகிறவர்கள் பாடக் குறியீட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 0547 அயல்மொழியாகப் படிப்போருக்கு. கேட்டல், வாசித்தல், பேசுதல், எழுதுதல் என நான்கு தாள்கள். 0523 இரண்டாம் மொழியாகப் படிப்போருக்கு, அது வெகு தூரம் மேலே. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கான ஐபி டிப்ளமாவில் புதியவர்களுக்கானது 'அப் இனிஷியோ'. ஏற்கெனவே படித்தவர்களுக்கு 'லாங்குவேஜ் பி'. அப் இனிஷியோ எஸ்எல் என்ற பொதுநிலையில் மட்டுமே உண்டு. ஆகவே எச்எல் என்ற உயர்நிலைப் பாடங்களை வேறு பிரிவுகளிலிருந்துதான் எடுக்க வேண்டும். இன்னொன்று: ஆறாம் வகுப்பிலிருந்து தொடர்ந்து சீனம் படித்த மாணவர் பதினொன்றில் அப் இனிஷியோ எடுக்கப் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது, ஏனென்றால் அது மொழியே தெரியாதவர்களுக்கான பாடம். நடுநிலை வகுப்பில் சீனத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

சிங்கப்பூரிலும் சீன மக்கள் குடியரசிலும் எளிதாக்கப்பட்ட எழுத்து. தைவானிலும் ஹாங்காங்கிலும் மரபெழுத்து. பள்ளி எதைக் கற்பிக்கிறதோ அந்த எழுத்திலேயே அகராதியும் பயிற்சி ஏடும் வாங்குங்கள். முதல் ஆண்டில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

முதல் மூன்று வாரம்: ஒலி

பின்யின் என்பது சீன ஒலியை ரோமன் எழுத்தில் எழுதும் முறை. சீனாவில் 1958-இல் அதிகாரபூர்வமானது. ஆங்கிலம் தெரிந்தவருக்கு அது பார்த்த எழுத்தாக இருப்பதுதான் ஆபத்து. ஆங்கிலத்தில் 'பெண்கள்' என்று படிக்கும் எழுத்துக்கூட்டைப் பின்யினில் 'வோமன்' என்று படிக்க வேண்டும், பொருள் 'நாங்கள்'. எழுத்தைப் பார்த்ததும் ஆங்கில ஒலி வாயில் வந்துவிடும். ஆகையால் முதல் மூன்று வாரம் பின்யினைக் காதால் கேட்டபடிதான் படிக்க வேண்டும், கேட்காமல் படிக்கக் கூடாது.

தமிழருக்கு உண்மையான தடை மூச்சு. 'பஸ்' என்பதன் ஆங்கில முதலெழுத்தும் 'பென்சில்' என்பதன் ஆங்கில முதலெழுத்தும் பின்யினில் இரு வேறு ஒலிகள். ஆங்கிலத்தைப் பின்பற்றி முன்னதை அதிர்வோடு சொல்லிப் பழகுகிறோம். தேவையில்லை. அது 'பல்', 'பழம்' என்னும்போது வரும் நம் பகரம்தான், அப்படியே சொல்லலாம். பின்னதுதான் புதிது: அதே பகரத்தைச் சொல்லி உடனே மூச்சை ஊதி வெளியேற்ற வேண்டும். 'டாக்டர்' எழுத்து 'தண்ணீர்' என்பதன் த. 'டீச்சர்' எழுத்து அதே த, மூச்சோடு. 'கேட்' (வாசற்கதவு) எழுத்து 'கல்' என்பதன் க. 'கிலோ' எழுத்து அதே க, மூச்சோடு. ஜே எழுத்து 'பச்சை'யில் வரும் ச்ச. க்யூ எழுத்து அதே ஒலி, மூச்சோடு.

மூச்சு விடாவிட்டால் சொல்லே மாறிவிடும். மூச்சில்லாத 'பாவ்3' வயிறு நிறைந்தது. மூச்சோடு சொன்னால் ஓடு. மூச்சில்லாத 'து4 ட்ஸ' வயிறு. மூச்சோடு 'து4 ட்ஸ' முயல். பள்ளி நர்ஸிடம் வயிற்றுவலி என்று சொல்லப் போய் முயல் வலிக்கிறது என்று சொல்வது இப்படித்தான். சோதனை எளிது. இரண்டு விரல் அகலத்தில் டிஷ்யூத் தாளைக் கிழித்து வாய்க்கு முன் மிக அருகில் பிடியுங்கள். மூச்சொலிக்குத் தாள் துள்ள வேண்டும், மற்றதற்கு அசையக் கூடாது. நாளுக்கு ஐந்து நிமிடம் செய்தால் வாய் பழகிவிடும்.

சொல்லின் நடுவில் தமிழர் இயல்பாகவே வல்லினத்தை அதிர்வோடு சொல்லிவிடுவோம். அதனால் சீனரிடம் பொருள் மாறாது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூச்சு விடுபடுவதைத்தான் திருத்த வேண்டும்.

இன்னும் சில ஒலிகள்:

- நாக்கை வளைத்துச் சொல்லும் வரிசையில் நமக்குச் சாதகம் உண்டு. ஷ நம்மிடம் இருக்கிறது. 'ஆர்' என்று எழுதும் சொல் முதல் ஒலி ழகரத்துக்கு மிக அருகில். சற்று உரசலோடு சொன்னால் போதும். வகுப்பில் ஆங்கில 'ஆர்' போலச் சொல்லச் சொன்னால் ழகரத்தை நினையுங்கள்.
- எக்ஸ் எழுத்தை ஷ என்று சொல்லாதீர்கள். நாக்கு நுனி கீழ்ப்பல்லின் பின்புறம் தொட்டிருக்க வேண்டும், உதடு இருபக்கமும் விரிய வேண்டும்.
- 'நான்கு' என்ற சொல்லைப் பின்யினில் எஸ், ஐ என்று எழுதுவார்கள். அந்த ஐ 'இ' அல்ல. 'காசு' என்னும்போது கடைசியில் வரும் குற்றியலுகரம் அது. உதடு குவியாத உகரம் நம்மிடம் இருப்பதால், 'ஸு4' சரியாக வரும். நாக்கை வளைத்துச் சொல்லும் வரிசையிலும் இதே விதி.
- ஈ சொல்லும் இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் ஊ சொல்வதுபோல் குவித்தால் வரும் ஒலி ஒன்று உண்டு. எழுத்தில் யூவின் மேல் இரட்டைப் புள்ளி. ஜே, க்யூ, எக்ஸ், ஒய் எழுத்துகளுக்குப் பின் புள்ளி போடமாட்டார்கள், ஒலி மட்டும் இதுவேதான். கைபேசியில் தட்டச்சு செய்யும்போது இதற்கு வி விசை.
- ங் ஒலியில் முடியும் சொல்லில் கடைசியில் 'க்' சேர்த்துவிடுவது நம் பழக்கம், ஏனென்றால் தமிழில் ங்-குப் பின் க வராமல் இருப்பது அரிது. 'தாங்' என்று சொல்லி அங்கேயே நிறுத்துங்கள்.

தொனி

நான்கு தொனி, அத்துடன் ஒரு லேசான தொனி. முதலாவது மேலே நேராக நீளும். இரண்டாவது, 'அப்படியா?' என்று வியக்கும்போது 'யா' ஏறுவதுபோல் ஏறும். நான்காவது, 'போ!' என்று அதட்டும்போது விழுவதுபோல் விழும். மூன்றாவதைப் பாடநூலில் இறங்கி ஏறும் வளைவாக வரைவார்கள், அதைப் பார்த்து மாணவர்கள் ஒவ்வொரு முறையும் முழு வளைவு போட்டு இழுக்கிறார்கள். பேச்சில் அது பெரும்பாலும் குரலை அடிமட்டத்தில் வைப்பதுதான்; தனியாகவோ வாக்கிய முடிவிலோ வந்தால்தான் கடைசியில் ஏறும்.

'மாய்3' வாங்கு, 'மாய்4' வில். மூச்சோடு சொல்லும் 'தாங்1' சூப், 'தாங்2' சர்க்கரை. இப்படித் தனிச்சொல்லில் பயிற்சி செய்வதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள், பேசும்போது தொனி கலைந்துவிடுகிறது. இரட்டைச் சொற்களில் பயிற்சி செய்யுங்கள். நான்கு தொனிக்குப் பின் ஐந்து வகை வரலாம் என்பதால் மொத்தம் 20 இணை. ஒவ்வோர் இணைக்கும் தெரிந்த சொல் ஒன்றை வைத்து 20 சொற்களின் பட்டியல் செய்து, தினமும் ஒருமுறை கேட்டு, சொல்லி, கைபேசியில் பதிந்து, மூலத்தோடு அடுத்தடுத்து ஒலிக்கவிட்டுப் பாருங்கள்.

மூன்றாம் தொனிகள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாகும். 'நி ஹாவ்' என்ற வணக்கமே அப்படித்தான், ஆனால் எழுத்தில் மாறாது. 'இல்லை' என்ற 'பு4', நான்காம் தொனிக்கு முன் 'பு2' ஆகும்.

தமிழர் அடிக்கடி விழும் குழி ஒன்று: கேள்வி கேட்கும்போது குரலை உயர்த்துவது. கடைசிச் சொல் நான்காம் தொனியாக இருந்தால் அது இரண்டாம் தொனியாகிவிடும். கேள்விக்குச் சீனத்தில் 'மா' என்று ஒரு துணைச்சொல் கடைசியில் வருகிறது. நம் 'வருகிறாயா'வில் உள்ள ஆகாரம்போலக் கேள்வி வேலையை அதுவே செய்துவிடும்.

கடையிலும் உணவங்காடியிலும் கேட்கும் சீனத்தில் நாக்கு வளையும் ஒலிகள் பலரிடம் வளைவதில்லை. ஷவும் ஸவும் ஒன்றாகவே ஒலிக்கும். புரிந்துகொள்ளப் பழகுங்கள், ஆனால் தேர்வு ஒலிப்பதிவு தரமான உச்சரிப்பில் இருக்கும், உங்கள் வாய் அதைப் பின்பற்றட்டும்.

வாக்கியத்தைத் தமிழில் யோசியுங்கள்

'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லப் புத்தகத்தை முன்னால் கொண்டுவந்து மற்றதைப் பின்னால் தொங்கவிட வேண்டும். சீனத்தில் தமிழ் வரிசையேதான்: வோ3 (நான்), ட்ஸுவோ2 தியன்1 (நேற்று), மாய்3 (வாங்கு), த (இய), ஷு1 (புத்தகம்). அந்த 'த' பெயரெச்ச விகுதிபோல் நிற்கிறது. அதே 'த'தான் 'வோ த' என்று வந்து 'என்னுடைய' ஆகிறது. ஆங்கிலவழி மாணவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இடத்தை இப்படி ஒரே நாளில் கடந்துவிடலாம்.

நேரம், இடம் இரண்டும் வினைக்கு முன் வரும்: நான், நாளை, பள்ளியில், பிறகு வினை. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதற்குச் சொல்ல வேண்டும். தமிழ் உதவாத இடம் செயப்படுபொருள். சோறு உண்கிறேன் அல்ல, 'வோ ச்சு ஃபான்': நான், உண், சோறு. வினை முதலில், பொருள் பிறகு. இந்த ஒன்றை மட்டும் மனத்தில் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப வினை திரிவதில்லை. 'ல' என்ற துணைச்சொல்லை இறந்தகால விகுதி என்று நினைத்து எல்லா இடத்திலும் ஒட்டுவது பிழை. அது செயல் முடிந்ததையோ நிலை மாறியதையோ காட்டும். 'நேற்று குளிராக இருந்தது' என்பதற்கு 'ல' வேண்டியதில்லை.

குடும்பம் பற்றிய பாடம் வரும்போது ஆங்கில அட்டவணையை மூடிவிடுங்கள். கங்1 க அண்ணன், தி4 தி தம்பி, ஜியே3 ஜிய அக்கா, மெய்4 மெய் தங்கை. போ2 போ பெரியப்பா, ஷு1 ஷு சித்தப்பா, ஜியு4 ஜியு தாய்மாமன், கு1 கு அப்பாவின் அக்கா தங்கையான அத்தை. தமிழ் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதில் புரியாதது எதுவுமில்லை.

எண்ணில் மட்டும் இடறும். சீனத்தில் பத்தாயிரத்துக்குத் தனிச்சொல், 'வான்4'. ஒரு லட்சம் பத்து வான், ஒரு கோடி ஆயிரம் வான். கேட்டல் தாளில் விலை, மக்கள்தொகை வரும்போது மில்லியனுக்குப் போகாமல் லட்சம், கோடி வழியாகப் போவது விரைவு. பொருளை எண்ணும்போது இடையில் ஓர் அளவைச்சொல் வேண்டும்: நூலுக்கு 'பன்3', தட்டையானதற்கு 'ஜாங்1', எதுவும் நினைவுக்கு வராவிட்டால் 'க4'. இரண்டு என்பது எண்ணும்போது 'அர்4', அளவைச்சொல்லுக்கு முன் 'லியாங்3'.

எழுத்து

நான்காவது வாரத்தில் தொடங்குங்கள். கட்டத்துக்குள் கூட்டல் குறி போட்ட பயிற்சி ஏடு வேண்டும். கோடு போட்ட நோட்டில் எழுதிப் பழகினால் எழுத்தின் உறுப்புகள் அகன்று இரண்டு எழுத்துகளாகிவிடும். கோட்டு வரிசை: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், கிடைக்கோடு முன், நெடுக்கோடு பின், சட்டம் முதலில், உள்ளடக்கம் பிறகு, அடிக்கோடு கடைசி. 'நாடு' என்ற எழுத்தில் மூன்று பக்கச் சட்டம் போட்டு, உள்ளே 'பச்சைக்கல்' எழுதி, பிறகுதான் அடியை மூட வேண்டும். வரிசை தவறினால் விரைவாக எழுதும்போது வடிவம் சிதையும். கைபேசி அகராதியில் விரலால் எழுதித் தேடும்போதும் சிக்கல்.

தனித்தனிக் கோடுகளாக மனப்பாடம் செய்யாதீர்கள். பெரும்பாலான எழுத்துகளில் ஓர் உறுப்பு பொருளையும் மற்றோர் உறுப்பு ஒலியையும் காட்டும். 'சிங்' என்று மூச்சோடு ஒலிக்கும் ஓர் உறுப்பை எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் மூன்று நீர்த்துளி வைத்தால் தெளிவு, பேச்சுக்குறி வைத்தால் தயவுசெய்து, நெஞ்சுக்குறி வைத்தால் உணர்வு, சூரியன் வைத்தால் வானம் வெளுத்திருப்பது. நான்கும் முதல் இரண்டு ஆண்டுகளில் வரும் சொற்கள். ஒன்றாக ஒரே பக்கத்தில் எழுதி வைத்தால் ஒன்று மற்றொன்றை நினைவூட்டும். குழப்பும் இணைகளையும் அருகருகே எழுதுங்கள்: 'வாங்கு' எழுத்தின் தலையில் 'பத்து' ஏறினால் 'வில்'. 'நான்' எழுத்துக்கும் 'தேடு' எழுத்துக்கும் இடப்பக்க மேலே ஒரு சாய்கோடுதான் வேறுபாடு.

வாரம் 20 புதிய சொல் போதும், ஆனால் பழையது கைவிடப்படக் கூடாது. ஆங்கி போன்ற இடைவெளி விட்டு நினைவூட்டும் செயலியில் ஒரு சொல்லுக்கு மூன்று அட்டை செய்யுங்கள்: ஒலி கேட்டுப் பொருள், எழுத்து பார்த்து ஒலியும் தொனியும், பொருள் பார்த்துக் கையால் எழுதுதல். மூன்றாவதை விட்டவர்கள்தான் தேர்வறையில் தவிக்கிறார்கள். தட்டச்சில் சரியான எழுத்தை அடையாளம் காணத் தெரிந்தாலே போதும். தாளில் ஒன்றுமில்லாமல் வரைய வேண்டும். அகராதிக்கு ப்ளெகோ செயலி போதும், இணையமின்றியும் இயங்கும்.

பாடநூலில் ஒவ்வோர் எழுத்தின் மேலும் பின்யின் எழுதி வைக்காதீர்கள். கண் அதற்கே போகும், எழுத்தைப் பார்க்கவே பார்க்காது. தெரியாத எழுத்துக்குத் தொனி எண் மட்டும் போடுங்கள்.

வெளியே வாசிக்க நல்ல இடம் எம்ஆர்டி நிலையப் பலகை. தமிழும் சீனமும் ஒரே பலகையில் இருக்கும். லிட்டில் இந்தியாவின் சீனப் பெயர் சிறிய, இந்தியா. சைனாடவுனின் பெயர் மாடு, வண்டி, நீர். இரண்டிலும் பெரும்பகுதி தொடக்கநிலை எழுத்துகளே.

வீட்டில், பிறகு தேர்வில்

சீனம் தெரியாத பெற்றோரும் டிங்சியே வைக்கலாம், அதாவது சொல்வதை எழுதுதல். அகராதிச் செயலியில் பத்துச் சொல்லை ஒலிக்கவிடுங்கள், பிள்ளை எழுதட்டும், நூலோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். பத்து நிமிடம்தான் ஆகும், வாரம் மூன்று நாள் போதும். டியூஷன் வைத்தால், உள்ளூர் அரசுப் பள்ளிச் சீனப் பாடநூலை வைத்து நடத்துகிறார்களா என்று கேளுங்கள். அது வீட்டிலும் சுற்றத்திலும் சீனம் கேட்டு வளரும் பிள்ளைகளை எண்ணி எழுதியது, புதியவருக்கு ஏற்றதல்ல. படிப்படியான இலக்கு வேண்டுமானால் சீனம் கற்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒய்சிடி தேர்வின் நான்கு நிலைகள் நல்லவை: 80, 150, 300, 600 சொற்கள்.

அப் இனிஷியோவில் எழுத்துத் தாள் 25 விழுக்காடு, ஒரு மணி நேரம், இரண்டு கட்டுரை. ஒவ்வொன்றும் 70 முதல் 150 சொல். சீனத்தில் ஒரு சொல்லுக்கு 1.2 எழுத்து என்று கொண்டால் 84 முதல் 180 எழுத்து. கேட்டலும் வாசித்தலும் சேர்ந்து 50 விழுக்காடு. பேச்சு 25 விழுக்காடு: படம் ஒன்றைக் கொடுப்பார்கள், 15 நிமிடம் ஆயத்தம், பிறகு 7 முதல் 10 நிமிடப் பேச்சு. படத்தில் யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, சீனப் பண்பாட்டோடு ஒரு தொடர்பு காட்ட வேண்டும். படத்தை மட்டும் விவரித்து நிற்பவர்களுக்கு மதிப்பெண் குறைகிறது.

எழுத்துத் தாளில் நாட்குறிப்பா, மின்னஞ்சலா, வலைப்பதிவா என்று பொருத்தமான வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் மதிப்பெண் உண்டு. நாட்குறிப்பின் முதல் வரியில் தேதி, கிழமை, வானிலை. கடிதத்தின் தேதி முடிவில் வலப்பக்கம். பத்தி தொடங்க இரண்டு கட்டம் காலி. நிறுத்தற்குறிக்கும் ஒரு கட்டம். முற்றுப்புள்ளி சிறு வட்டம். பட்டியலிடும் சொற்களுக்கு இடையில் சாதாரணக் காற்புள்ளி அல்ல, இடமிருந்து வலம் இறங்கும் துளிக்குறி. வரியின் முதல் கட்டத்தில் நிறுத்தற்குறி வரக் கூடாது. வந்தால் முந்தைய வரியின் கடைசிக் கட்டத்திலேயே எழுத்தோடு நெருக்கிப் போட்டுவிடுங்கள்.